கிறவல் திடலில 402 மீற்றர் ஓட்டம்: 4டி56 டபுள் கப்பை எதிலயிருந்து தொடங்குறது?

கண்டாவளை_கப்:

வணக்கம். சிறுபோக வெட்டு முடிஞ்ச கையோட எங்கட பக்கத்துத் திடல் ஒண்டில கப் வாகனங்களுக்கு நேர் ஓட்டம் வைக்கிற யோசினை நடக்குது. ரெண்டு ரெண்டு வாகனமா, நிண்ட இடத்திலயிருந்து 402 மீற்றர். தரை இறுக்கின கிறவல். மொத்த நீளம் 650 மீற்றர், அகலம் 12 மீற்றர். அதுக்கு அங்கால பத்தைக்காடு.

வாகனம் மிட்சுபிஷி எல்200 டபுள் கப். எஞ்சின் 4டி56 டர்போ டீசல், இன்ரகூலர் இருக்கு, டீசல் பம்ப் மெக்கானிக்கல். 5 கியர் மனுவல், டிஃப் விகிதம் 4.22, ஈசி செலக்ட் ஃபோர்வீல், ரயர் 235/75ஆர்15. அரிசி ஆலைத் தராசில அரை டாங்கி டீசலோட 1,750 கிலோ. எஞ்சின் உள்ள ஒண்டும் மாத்தேல்ல.

கேள்வி மூண்டு. 18 செக்கனுக்குக் கீழ கொண்டுவர ஏலுமோ? பம்ப் ஸ்குரூவை எவ்வளவு திருப்பலாம்? கிளச், டிஃப் தாங்குமோ? மற்ற நாளையில இதே வாகனம்தான் நெல்லு மூட்டை ஏத்தும், அதால எஞ்சினைப் பலி குடுக்க ஏலாது.

---

பம்ப்_மேசை:

முதல் கணக்கைப் பாப்பம் தம்பி. நல்ல பிடியுள்ள தார்த் தரையில 402 மீற்றர் நேரத்தைக் கிட்டமுட்டச் சொல்லுற பழைய சூத்திரம் ஒண்டு இருக்கு. ஓட்டுறவரோட சேத்து நிறையைக் கிலோவில எடுத்து, குதிரைவலுவால பிரிச்சு, கனமூலம் கண்டு, 7.58 ஆல பெருக்குங்கோ.

உங்கட வாகனம் ஆளோட 1,825 கிலோ. எஞ்சின் நல்லா இருந்தா 100 குதிரைவலு எண்டு வைப்பம். விடை 20 செக்கன். 175 கிலோ இறக்கினால் 19.3. நிறையைத் தொடாமல் 130 குதிரைவலு ஆக்கினால் 18.3, முடிவுக் கோட்டில 120 கி.மீ வேகம். ரெண்டையும் செய்தால் 17.7. இதெல்லாம் தாருக்கு. கிறவலில புறப்படேக்க அரை செக்கன், ஒரு செக்கன் சும்மா போகும். ஆகவே 18 எண்டுறது உங்கட தரையில கஷ்டம், 18.5 நியாயமான இலக்கு.

பம்பைத் தொட முதல் ரெண்டு கேஜ் பூட்டுங்கோ. பூஸ்ட் (டர்போ தாற காத்தமுக்கம்) கேஜ் ஒண்டு, எக்சோஸ்ற் வெப்பக் கேஜ் ஒண்டு. ரெண்டாவது இல்லாமல் ஸ்குரூ திருப்புறது, கண்ணைக் கட்டிக்கொண்டு அடுப்பில கை வைக்கிற வேலை. அதின்ர கே வகைச் சென்சர் டர்போவுக்கு முன்னால, எக்சோஸ்ற் மனிஃபோல்டில இருக்கவேணும். டர்போவுக்குப் பின்னால போட்டால் 100 தொடக்கம் 200 டிகிரி வரை குறைச்சுக் காட்டும், அந்த எண்ணை நம்பினவை கனபேர் ஹெட் மாத்தியிருக்கினம். துளை போட மனிஃபோல்டைக் கழட்டுறதுதான் முறை. கழட்ட ஏலாட்டி 8.5 மி.மீ பிற்றிலயும் மரை வெட்டுற ரப்பிலயும் தடிப்பா கிறீஸ் பூசி, நாலைஞ்சு சுத்துக்கு ஒருக்கா வெளிய எடுத்துத் துடைச்சுத் துடைச்சுப் போடுங்கோ. ஒரு இரும்புத் துகள் உள்ள போனாலும் டர்போ விசிறி போச்சு.

இந்த எஞ்சினுக்கு வரம்பு: முழு மிதியில 700 டிகிரி. 402 மீற்றர் ஓட்டத்தின்ர கடைசி நாலைஞ்சு செக்கன் 750 தொட்டால் பரவாயில்லை. அதுக்கு மேல வேண்டாம். 4டி56 இல பிளொக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். டீசல் முதல் எரியிறது ஹெட்டில இருக்கிற சின்ன அறைக்குள்ள, அதால சூடு முழுக்க ஹெட்டில இறங்கும். வால்வுகளுக்கு இடையில வெடிக்கிறது இதாலதான்.

இப்ப பம்ப். பின்பக்கம் லொக் நட்டோட நிக்கிறது முழு லோட் ஸ்குரூ. உள்ள திருப்பினால் டீசல் கூடும். தொட முதல் வெள்ளைப் பெயின்ரால ஸ்குரூவிலயும் நட்டிலயும் ஒரே கோடு இழுங்கோ. ஒரு தரத்துக்கு எட்டில ஒரு சுத்து, அவ்வளவுதான். ஒவ்வொரு தரமும் ஐடில் (மிதிக்காமல் நிக்கேக்க ஓடுற சுத்து) ஏறும், ஐடில் ஸ்குரூவால திரும்ப இறக்கவேணும். ஐடில் ஸ்குரூ முழுக்க வெளிய வந்தும் எஞ்சின் இறங்காட்டி நீங்கள் எல்லை தாண்டியிட்டியள், கால் சுத்து திரும்ப எடுங்கோ. அந்த நிலையில ஓடினால் அக்சிலேற்றரை விட்டாலும் சுத்து இறங்காது.

பம்புக்கு மேல நாலு ஸ்குரூவில மூடின தொப்பி இருக்கு. அதுக்குள்ள டயஃபிறம், அடியில ஸ்பிரிங், ஸ்பிரிங்கைத் தாங்குற பல்லுச் சில்லு. டர்போவில காத்து ஏற ஏற டயஃபிறம் கீழ இறங்கி டீசலைக் கூட்டும். டயஃபிறத்தின்ர அடித் தண்டு ஒரு பக்கம் ஆழமாச் சீவின கூம்பு. டயஃபிறத்தைச் சுத்தித் திருப்பினால் ஆழமான பக்கம் ஊசிக்கு நேரா வரும், பூஸ்ட் வந்தாப் பிறகு டீசல் கூட வரும். ஓட்டத்துக்கு வேண்டியது இந்த மாற்றம்தான். முழு லோட் ஸ்குரூ எல்லா நிலையிலயும் டீசலைக் கூட்டும், புறப்படேக்க கறுப்புப் புகை மட்டும் தரும். பழைய இடத்தை மார்க்கர் பேனையால டயஃபிறத்திலயும் தொப்பி விளிம்பிலயும் குறிச்சுப்போட்டு 45 டிகிரி திருப்பிப் பாருங்கோ.

பூஸ்ட் 1 பாரோட நிப்பாட்டுங்கோ. ஏன் எண்டால், வெளியில 35 டிகிரி வெக்கையில 1 பாருக்கு அமத்தின காத்து டர்போவை விட்டு வெளிவரேக்க 130 டிகிரி கிட்ட இருக்கும். இன்ரகூலர் ஒழுங்கா வேலை செய்தால் 70 க்கு இறங்கும். அந்த இறக்கம் ஒண்டாலயே கிட்டத்தட்ட 18 சதவீதம் கூடக் காத்து எஞ்சினுக்குள்ள போகுது. சின்ன டர்போவை 1.3, 1.4 எண்டு விரட்டினால் வாறது காத்தில்லை, சூடு. இன்ரகூலர் பொனற்றுக்குக் கீழ மேலாகப் படுத்திருக்கிற வகை எண்டால், பொனற் மூச்சுத் துளைக்கும் அதுக்கும் இடையில இருக்கிற றப்பர் விளிம்பு கிழியாமல் இருக்கோ எண்டு பாருங்கோ. வரிசையில நிக்கேக்க பொனற்றைத் திறந்து வைச்சு ஈரச் சாக்குப் போட்டால் செலவில்லாத குளிர்ச்சி. புறப்பட முதல் சாக்கை எடுக்க மறக்கவேண்டாம்.

மண்ணெண்ணெய் கலக்கிற பேச்சே வேண்டாம். இந்தப் பம்புக்கு ஒயில் எண்டு தனியா இல்லை, போற டீசல்தான் வழுக்கல். சூப்பர் டீசல் ஊத்துங்கோ, ஃபில்டர் புதுசு போடுங்கோ.

இன்னொண்டு. எஞ்சினில ரெண்டு பெல்ற் இருக்கு, ரைமிங் பெல்ற்றும் பலன்ஸ் ஷாஃப்ற் பெல்ற்றும். சின்னப் பெல்ற் அறுந்தால் பெரிய பெல்ற்றுக்குள்ள சிக்கி அதையும் கொண்டுபோகும், றொக்கர்கள் உடையும். எப்ப மாத்தினது எண்டு சரியாத் தெரியாட்டி ரெண்டையும் ரென்ஷனர்களையும் மாத்தின பிறகு ஓட்டத்தைப் பற்றி யோசியுங்கோ.

---

லேத்_மாங்குளம்:

பம்ப் கதை சரி. ஆனா 130 குதிரைவலு தரைக்குப் போய்ச் சேரவேணுமே.

ஈசி செலக்ட்டில நடு டிஃப் இல்லை. தாரில 4எச் (நாலு சில்லும் இழுக்கிற வேகக் கியர்) போட்டு ஓடினால் முன்னுக்கும் பின்னுக்கும் கம்பி முறுக்கின மாதிரி இறுகி, கியர் விலகாது, கடைசியில டிரான்ஸ்ஃபர் செயின் இழுபடும். கிறவலில சில்லு வழுக்கிறதால அந்த முறுக்கு வெளியேறும். ஆகவே உங்களுக்கு 4எச் தான், முதல் அடியிலயிருந்து கடைசி வரை. 4எல் (நாலு சில்லு, மெதுக் கியர்) போடாதேங்கோ, முதல் 15 மீற்றருக்குள்ள கியர் முடிஞ்சிடும். ஸ்ரேரிங் நேரா நிக்கவேணும். முன் சில்லு மடங்கின நிலையில கிளச்சைப் போட்டால் முன் அச்சின்ர சிவி ஜொயின்ற் 'டக்' எண்டு போகும்.

கிளச்: கொம்பனிப் பிளேற் நல்ல நிலையில இருந்தால் 130 வரை சமாளிக்கும். சோதிக்கிற விதம், 4-ம் கியரில 50 கி.மீ வேகத்தில முழு மிதி. சுத்து துள்ளி ஏறி வேகம் ஏறாட்டி வழுக்குது. மாத்துறதெண்டால் பிரஷர் பிளேற், கிளச் பிளேற், தள்ளு பெயாரிங் மூண்டும் ஒண்டா. செம்புப் பட்டன் வைச்ச ரேசிங் பிளேற் வேண்டாம், நெல்லு மூட்டையோட வரம்பில ஏறேக்க வாகனம் தவளை மாதிரிப் பாயும்.

புறப்பாடு: 1-ம் கியர், 2,200 தொடக்கம் 2,500 சுத்து. கிளச்சை ஒரே அடியா விடாமல், பாதியில பிடிச்சு வாகனம் 15 கி.மீ வேகம் எடுக்கும்வரை ஊர விட்டு, பிறகு முழுக்க விடுங்கோ. டர்போ நிண்ட நிலையில காத்துத் தராது. அந்த முதல் ஒண்டரைச் செக்கனுக்குள்ள எஞ்சின் 1,800 க்குக் கீழ விழுந்தால் திரும்பி எழும்ப அரைத் திடல் போயிடும். மேல 4,000 இல மாத்துங்கோ. அதுக்கு மேல இந்த எஞ்சினில சத்தம் மட்டும்தான்.

டபுள் கப்பைக் கெடுக்கிறது பின் ஸ்பிரிங் பிளேற். கிளச்சை விட்டவுடன அச்சு முறுக்கிப் பிளேற்றை எஸ் எழுத்து மாதிரி வளைக்கும், பிறகு விடும், திரும்ப வளைக்கும். வாகனம் குதிக்கிறது எண்டு சொல்லுறது இதைத்தான். குறோஸ் (ஷாஃப்ற்றின்ர மூட்டு) உடையிறதும் டிஃப் பல்லுக் கழருறதும் அந்தக் குதியிலதான். குறைஞ்ச செலவில மருந்து: அச்சுக்கு முன்னால இருக்கிற அரைவாசிப் பிளேற்றுக்கு மேலதிகமா ரெண்டு கிளம்ப் போட்டுக் கட்டுமட்டா இறுக்குங்கோ. பின் அரைவாசியை விடுங்கோ, அது அசையவேணும். யூ போல்ற்றுகளையும் திரும்ப இறுக்கிப் பாருங்கோ, நெல்லு ஏத்தின வாகனத்தில நிச்சயம் தளர்ந்திருக்கும். காணாட்டித்தான் 40 மி.மீ குழாயில முறுக்குத் தடுப்பு பார் செய்யலாம். அதின்ர முன் முனையில சங்கிலிக் கண் மாதிரி ஆடுற இணைப்பு இருக்கவேணும். ரெண்டு முனையையும் இறுக்கி வெல்டிங் பண்ணினால் பள்ளம் மேட்டில செசி பிராக்கெற் பிஞ்சு வரும்.

கியர் பொக்ஸிலயிருந்து பின் டிஃபுக்குப் போற நடு ஷாஃப்ற்றுக்கு வளையம் கட்டாயம். 50 மி.மீ அகலம், 6 மி.மீ தடிப்புத் தட்டை இரும்பு. முன் குறோஸிலயிருந்து 150 மி.மீக்குள்ள ஒண்டு, நடு பெயாரிங்குக்குப் பின்னால ரெண்டாவது துண்டுக்கு இன்னொண்டு. ஷாஃப்ற் கழண்டு முன் முனை நிலத்தில குத்தினால் வாகனத்தையே தூக்கிப் பிரட்டும்.

ரயர் காத்து கிறவலுக்கு நாலுக்கும் 22 பிஎஸ்ஐ. 18 க்குக் கீழ போகவேண்டாம், 100 கி.மீக்கு மேல போகேக்க ரயர் றிம்மிலயிருந்து கழரலாம். 31 அங்குல ரயர் போட்டால் பார்க்க வடிவு, ஆனா கியர் நீண்டு, சில்லும் பாரம். இருக்கிற அளவே நல்லது.

நிறை இறக்கிறதில ஒரு சின்ன விசயம். 2எச் (பின் சில்லு மட்டும்) இல ஓடுறவைக்குப் பின்னால தொங்குற ஸ்பெயார் வீல் நன்மை, பின் அச்சில பாரம் குடுக்கும். நீங்கள் 4எச், கழட்டுங்கோ. பின் கதவு, பின் சீற், ஏணிக் கம்பி, முன் காவல் கம்பி, ரூல் பெட்டி எல்லாம் கழட்டினால் 120 கிலோ இறங்கும். டாங்கியில 15 லீற்றர் காணும். பிடிக்கு எண்டு மண் மூட்டை போடுற பழக்கம் இருக்கு. கட்டாத மண் மூட்டை பிரேக் அடிக்கேக்க முன் கண்ணாடிக்கு வரும்.

ஒயில்: கியர் பொக்ஸுக்கு ஜிஎல்-4, டிஃபுக்கு ஜிஎல்-5 80டபிள்யூ-90. பின் டிஃப் வழுக்கலைக் கட்டுப்படுத்துற எல்எஸ்டி வகை எண்டால் (ஹவுசிங்கில ஸ்ரிக்கர் இருக்கும், இல்லாட்டி ரெண்டு பின் சில்லையும் ஜாக்கில தூக்கி ஒண்டைச் சுத்த, மற்றது அதே பக்கம் சுத்தும்) எல்எஸ்டிக்கெண்டு எழுதின ஒயில்தான்.

---

சோளகம்:

ஒருதரும் திடலைக் கணக்குப் பார்க்கேல்ல. 650 மீற்றரில 402 ஓட்டம் எண்டால் நிப்பாட்ட மிஞ்சுறது 248 மீற்றர். புறப்படுற கோட்டுக்குப் பின்னால வரிசைக்கும் திருப்பத்துக்கும் 40 மீற்றராவது வேணும், ஆகவே 208.

120 கி.மீ எண்டால் செக்கனுக்கு 33 மீற்றர். கிறவலில நல்ல பிரேக்கும் 0.4 ஜிக்கு (புவியீர்ப்பின்ர 0.4 மடங்கு) மேல பிடிக்காது. பிரேக் தூரம் 141 மீற்றர். கால் பிரேக்குக்குப் போக ஒண்டரைச் செக்கன் எண்டால் இன்னும் 50. மொத்தம் 191. மிச்சம் 17 மீற்றர், அதுக்கு அங்கால பத்தைக்காடு. பிரேக் ஒரு பக்கம் இழுத்தால், அல்லது அக்சிலேற்றர் சிக்கினால் முடிஞ்சுது.

வன்னியில பத்தைக்காடு எண்டுறது வெறும் பத்தையில்லை. திடல் மிதிவெடி அகற்றி ஒப்படைச்ச நிலமா இருக்கலாம், திடலுக்கு அங்கால இருக்கிற காணி அப்பிடியோ எண்டு மாவட்ட செயலகத்தில கேட்டு எழுத்தில எடுக்கவேணும். வாகனம் விலகிப் போகக்கூடிய ரெண்டு பக்கமும் சேத்து.

ஆகவே 201 மீற்றர் வையுங்கோ. அரைவாசித் தூரத்தில வேகம் முழுத் தூரத்து வேகத்தின்ர 79 சதவீதம் அளவு, 95 கி.மீ. நேரம் 64 சதவீதம், உங்களுக்கு 12 செக்கன் சொச்சம். நிக்க 130 மீற்றர் போதும், கையில 400 மீற்றர் கிடக்கு. போட்டியும் சுவை கூட, ஏனெண்டால் வித்தியாசம் எல்லாம் புறப்பாட்டிலதான்.

இதில உங்கட வாகனத்துக்கு இன்னொரு லாபம் இருக்கு. உங்கட ரயர் ஒரு சுத்துக்கு 2.3 மீற்றர் போகும். மணிக்கு கி.மீ வேகத்தை 7.23 ஆல பெருக்கி, டிஃப் விகிதத்தால பெருக்கி, கியர் விகிதத்தால பெருக்கினால் எஞ்சின் சுத்து. 3-ம் கியர் 1.4 எண்டு வைச்சால் 95 இல 4,050. எண்டால் 3-ம் கியரிலயே கோட்டைத் தாண்டலாம். ஒரு கியர் மாத்தம் குறையுது, அரைச் செக்கன் மிச்சம்.

தூசி. பக்கத்துப் பக்கத்தில ரெண்டு வாகனம் விட்டால், அரை வாகன நீளம் பின்னுக்கு நிக்கிறவர் 50 மீற்றருக்குப் பிறகு ஒண்டும் காணமாட்டார். 12 மீற்றர் அகலத்தில அது மோதல். தனித்தனியா விட்டு நேரத்தால வெற்றி பாக்கிறது நல்லது. சோடியாத்தான் வேணுமெண்டால் முதல் நாள் பின்னேரம் பவுசரால தண்ணி அடியுங்கோ, சதுர மீற்றருக்கு 1 லீற்றர் கணக்கில. 650 க்கு 12 எண்டால் 7,800 லீற்றர், ஒரு பெரிய பவுசர். விடியப்புறம் மெல்லிசா ஒருக்கா. கூடினால் சேறு, அது தூசியை விட மோசம்.

ஆவணியில பகல் ஏற ஏற சோளகக் காத்து அடிக்கும். 110 கி.மீயில போற வாகனத்துக்கு 30 கி.மீ எதிர்க்காத்து காத்துத் தடையை 60 சதவீதம் கூட்டும், டபுள் கப் ஒரு அலுமாரி மாதிரித்தானே. காலமை 6 மணியிலயிருந்து 9 க்குள்ள முடியுங்கோ. காத்தும் குறைவு, இன்ரகூலருக்கும் நல்லது, கட்டாக்காலி மாடுகளும் இன்னும் வெளிக்கிட்டிருக்காது.

சனம்: மாட்டுவண்டிச் சவாரிக்கு நிக்கிற மாதிரி விளிம்பில நிக்க விடாதேங்கோ. கயிறு ஒண்டையும் நிப்பாட்டாது. 30 மீற்றர் தள்ளி, முழுக்கப் புறப்பாட்டுப் பக்கம். முடிவுக் கோட்டுக்கு அங்கால ஒரு குஞ்சு குருமானும் கூடாது.

காத்து ஃபில்டர் பெட்டியைக் கழட்டிப்போட்டுத் திறந்த கூம்பு ஃபில்டர் போடுறவை இந்தச் செம்மண் தூசியில டர்போ விசிறியை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கினம். கொம்பனிப் பெட்டி, புது ஃபில்டர், அவ்வளவும் காணும்.

---

துணுக்காய்_ஹைலக்ஸ்:

இடையில ஒரு கேள்வி. எனக்கு ஹைலக்ஸ், எஞ்சின் 1கேடி, கொமன் ரெயில் (கொம்பியூட்டர் டீசல் குடுக்கிற வகை). ஒரு சிப் பெட்டி செருகினால் இந்தப் பம்ப் வேலை ஒண்டும் இல்லாமல் அதே பலன் வருமோ?

---

பம்ப்_மேசை:

வரும், செலவும் வரும். மலிவான பெட்டிகள் ரெயில் அமுக்கச் சென்சருக்குப் பொய் சொல்லும். அமுக்கம் குறைவு எண்டு கொம்பியூட்டர் நினைச்சுக் கூட்டும். ஒவ்வொரு நிலையிலயும் எவ்வளவு கூடுது எண்டு ஒருதருக்கும் தெரியாது.

1கேடியில பெட்டிக்கு முதல் பாக்கவேண்டியது இஞ்செக்டருக்குக் கீழ இருக்கிற செம்பு வாசர். அது கசிஞ்சால் எரிஞ்ச புகை ஒயிலுக்குள்ள இறங்கித் தார் மாதிரிக் கட்டியாகி, சம்புக்குள்ள (அடி ஒயில் தொட்டி) ஒயில் உறிஞ்சுற வலையை அடைக்கும். பிறகு ஒயில் அமுக்கம் இல்லை, டர்போவும் பெயாரிங்கும் போகும். ஒயில் மூடியைத் திறந்தால் உள்பக்கம் கரி கட்டியிருந்தால் சம்பைக் கழட்டுங்கோ. ரெண்டாவது, இஞ்செக்டர்களின்ர திரும்பு டீசலை நாலு போத்தலில பிடிச்சுச் சமமா வருதோ எண்டு பாருங்கோ. ஒண்டு கூட ஊத்தினால் அந்த சிலிண்டரில பிஸ்டன் வெடிக்கிறது இந்த எஞ்சினுக்குப் பழகின வருத்தம். ரெண்டும் சரியெண்டால், பெட்டிக்குப் பதிலா கொம்பியூட்டரிலயே திருத்தி எழுதுறவையிட்டப் போங்கோ, வெப்பக் கேஜோட.

---

கண்டாவளை_கப்:

நன்றி அண்ணைமார். 201 எண்டு ஒழுங்கு செய்யிறவைக்குச் சொல்லியாச்சு. கேஜ் ரெண்டும் பூட்டி, பம்பைத் தொடாமல் அளந்த எண்கள்: 3-ம் கியர் முழு மிதியில பூஸ்ட் 0.4 பார், வெப்பம் 640. 2,800 சுத்துக்குப் பிறகு பூஸ்ட் 0.35 க்கு இறங்குது. கொஞ்சம் கறுப்புப் புகை. இப்ப ஸ்குரூ திருப்பலாமோ?

---

பம்ப்_மேசை:

வேண்டாம். புகை இருக்கு, காத்து இல்லை. இன்னும் டீசல் குடுத்தால் புகைதான் கூடும், வெப்பம் 750 தாண்டும். மேல போகேக்க பூஸ்ட் விழுறது எங்கயோ ஓட்டை, இல்லாட்டி வேஸ்ற்கேற் (மேலதிக எக்சோஸ்ற்றை டர்போவைச் சுத்தி வெளிய விடுற கதவு) சரியா மூடுதில்லை.

ஓட்டை பிடிக்கிறது இப்பிடி. டர்போ வாயின்ர அளவுக்குப் பிவிசி மூடி ஒண்டு எடுத்து, நடுவில துளை போட்டு, ரியூப்லெஸ் ரயர் வால்வைப் பூட்டுங்கோ. ஃபில்டர் பெட்டியிலயிருந்து வாற குழாயைக் கழட்டி, டர்போ வாயில அந்த மூடியைக் கிளிப்பால இறுக்குங்கோ. எஞ்சின் ஒயில் மூடியைத் திறந்து விடுங்கோ, காத்து கிராங்க் பக்கம் போனால் சீல் தள்ளாமல் இருக்க. வால்வால ரயருக்கு அடிக்கிற மாதிரிக் காத்து அடிச்சு 0.7 பாரில நிப்பாட்டி, சவர்க்காரத் தண்ணியைப் பூசுங்கோ. முதல் இன்ரகூலர் றப்பர் குழாய்களின்ர முனை, பிறகு இன்ரகூலரின்ர பிளாஸ்ரிக்கும் அலுமினியமும் சேருற மடிப்பு, பிறகு பம்புத் தொப்பிக்குப் போற சின்னக் குழாய். அந்தச் சின்னக் குழாய் வெடிச்சிருந்தால் டயஃபிறத்துக்குச் செய்தியே போகாது. மூடிக்கு நேர முகத்தை வைக்காதேங்கோ, கழண்டால் கல்லு மாதிரி வரும்.

குழாய்க்குள்ள ஒயில் கசிவைப் பாருங்கோ. மெல்லிய படலம் வழமை. இன்ரகூலரின்ர அடியில கரண்டியால அள்ளுற அளவு தேங்கியிருந்தால் டர்போ சீல் போகுது, இந்த டர்போவோட ஓட்டத்துக்குப் போகவேண்டாம்.

---

லேத்_மாங்குளம்:

அந்தக் கடைசி வரியை இன்னும் கொஞ்சம் விரிச்சுச் சொல்லவேணும். டர்போ சீல் முழுக்கப் போனால் எஞ்சின் தன்ர ஒயிலையே குடிச்சு ஓடும். திறப்பை நிப்பாட்டினாலும் நிக்காது, சுத்து ஏறிக்கொண்டே போகும், வெள்ளை நீலப் புகை திடலை மூடும். அப்ப செய்யவேண்டியது ரெண்டே ரெண்டு. ஓட்டுறவர் பெரிய கியரைப் போட்டு, பிரேக்கை முழுக்க மிதிச்சுக்கொண்டு கிளச்சை விட்டு எஞ்சினை அமத்தவேணும். கிளச் தாங்காட்டி வெளியில நிக்கிறவர் காத்துக் குழாயைக் கழட்டி, டர்போ வாயைத் தட்டைப் பலகையால அடைக்கவேணும். கையாலயோ துணியாலயோ இல்லை, துணி உள்ள போகும், விரலும் போகும். 150 மி.மீ சதுர பிளைவுட் துண்டு ஒண்டில றப்பர் சீற் ஒட்டிப் புறப்பாட்டுக் கோட்டில வைச்சிருங்கோ. காபனீரொட்சைட்டு தீயணைப்பானை வாய்க்குள்ள அடிச்சாலும் நிக்கும், பவுடர் அடிச்சால் நெருப்பு நிக்கும் ஆனா எஞ்சினும் போகும்.

வாகனத்துக்குள்ள 2 கிலோ தீயணைப்பான், இரும்புப் பட்டியில, சீற்றிலயிருந்து கை எட்டுற இடத்தில. பற்றரியை றப்பர் நாடாவில விடாமல் இரும்புச் சட்டத்தால இறுக்குங்கோ. மோட்டச்சைக்கிள் ஹெல்மெற் ஆவது போடாமல் ஒருதரையும் கோட்டுக்கு விடக்கூடாது.

---

கண்டாவளை_கப்:

ஓட்டை அம்பிட்டுது. இன்ரகூலரின்ர மற்ற முனைக் குழாயில, கிளிப்புக்குக் கீழ நீட்டுக்கு ஒரு வெடிப்பு, விரலால விரிச்சால்தான் தெரியுது. குழாயும் ரெண்டு கிளிப்பும் மாத்தினன். இப்ப பூஸ்ட் 0.65, மேலயும் விழுகுதில்லை. வெப்பம் 590. புகை இல்லை.

---

பம்ப்_மேசை:

நல்லது, ஸ்குரூவே தொடாமல் பாதி வேலை முடிஞ்சுது. இனி டயஃபிறத்தை 45 டிகிரி, வேஸ்ற்கேற் கம்பியில ஒரு சுத்து குறைச்சு 0.8. அளவுங்கோ. 650 க்குக் கீழ நிண்டால் இன்னொரு சுத்து, 1 பார். முழு லோட் ஸ்குரூ கடைசியா, எட்டில ஒரு சுத்து. ஒவ்வொரு மாற்றத்துக்கும் பிறகு 20 கி.மீ ஓடி, காலமை குளிர் எஞ்சினில றேடியேற்றர் மூடியைத் திறந்து ஸ்ராட் பண்ணிப் பாருங்கோ. விடாமல் குமிழ் வந்தால் ஹெட் காஸ்கெட் கதைக்குது, எல்லாத்தையும் பழைய கோட்டுக்குக் கொண்டுவாங்கோ.

ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பிறகு திறப்பை உடன நிப்பாட்டவேண்டாம், ரெண்டு மூண்டு நிமிசம் ஐடிலில விடுங்கோ. டர்போ பெயாரிங்கில நிக்கிற ஒயில் கருகாது.

---

சோளகம்:

நேரம் எடுக்கிறதுக்கு ஃபோன் ஜிபிஎஸ் காணாது, செக்கனுக்கு ஒருக்காத்தான் இடத்தைக் காட்டும். 10 ஹேர்ட்ஸ் ஜிபிஎஸ் பெட்டி ஒண்டைக் கப்பின்ர டாஷில ஒட்டுங்கோ. எல்லாருக்கும் ஒரே பெட்டியை மாத்தி மாத்திப் பாவிச்சால் சண்டை வராது. சில பெட்டிகள் முதல் ஒரு அடி தூரத்தைக் கழிச்சுப்போட்டுத்தான் நேரம் தொடங்கும், அது கிட்டத்தட்ட 0.3 செக்கன். அந்த அமைப்பு எல்லாருக்கும் ஒண்டா இருக்கோ எண்டு புறப்பட முதல் பாருங்கோ.

சோதிச்சுப் பாக்கிறது எல்லாம் திடலிலதான், ஏ9 நேர்ரோட்டில இல்லை. அங்க இரவில மாடும் லொறியும் லைற் இல்லாத சைக்கிளும் நிக்கும், இன்சூரன்ஸும் கை விரிக்கும்.

---

கண்டாவளை_கப்:

விளங்குது. வருச லைசன்ஸுக்குப் புகைப் பரிசோதனை ஐப்பசியில வருது. அதுக்கு முதல் என்ன செய்யவேணும்?

---

பம்ப்_மேசை:

வெள்ளைப் பெயின்ற் கோட்டுக்கு ஸ்குரூ, மார்க்கர் கோட்டுக்கு டயஃபிறம், வேஸ்ற்கேற் கம்பி ரெண்டு சுத்து திரும்ப. அதுக்குத்தான் கோடு போடச் சொன்னது. பரிசோதனையில நிண்ட இடத்தில முழு மிதி குடுத்துப் புகை அளப்பினம், பூஸ்ட் வர முதல் வாற டீசல்தான் அங்க புகையாத் தெரியும். போகேக்க 15 கி.மீயாவது ஓட்டிச் சூடாக்கிக்கொண்டு போங்கோ, காத்து ஃபில்டரைத் தட்டிப் போடாமல் புதுசு போடுங்கோ. பழைய ஃபில்டரோட போய் பம்ப் பிழை எண்டு வாறவைதான் கனக்க.